உப்பு சோப்பு: எந்த எண்ணெய், எவ்வளவு உப்பு? மலைக் குளிரில் செய்பவர்களுக்கான கேள்வி பதில்கள்

கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சோப்பு செய்கிறேன். பார்க்க வருபவர்களும் போனில் கூப்பிடுபவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கீழே வெயிலூரில் இருப்பவர்கள் எழுதிவைத்த அளவை வைத்துக்கொண்டு இங்கே செய்து, உதிர்ந்துபோன சோப்பை டப்பாவில் போட்டு எடுத்து வருகிறார்கள். எனக்கும் முதல் நான்கு முறை அப்படித்தான் ஆனது. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

உப்பு சோப்பு என்றால் என்ன? சோப்பில் உப்பைக் கலப்பதுதானா?

ஆமாம், அவ்வளவுதான். எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் கலந்து கெட்டியாக ஆரம்பிக்கும்போது உப்புத்தூளைக் கொட்டிக் கிளறி அச்சில் ஊற்றுகிறோம். பளிங்குக்கல் மாதிரி கனமான, வழவழப்பான கட்டி கிடைக்கும். நுரை பால் மாதிரி மெல்லியதாக வரும். சாதாரண சோப்பைப் போலக் குழைந்துபோகாது, சீக்கிரம் தேயாது.

ஏன் எல்லோரும் தேங்காய் எண்ணெயையே போடச் சொல்கிறார்கள்?

இது புரிந்துவிட்டால் மற்றதில் பாதி தானாகப் புரியும்.

உப்புக்கும் சோப்புக்கும் ஆகாது. சோப்பு ஆலைகளில் சோப்பைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கவே உப்பைத்தான் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு கரையாமல் திரண்டு மேலே வந்துவிடும். நாம் செய்வது தலைகீழ் வேலை: கரைய விடாத பொருளைச் சோப்புக்குள்ளேயே வைத்துவிட்டு, நுரை வேண்டும் என்கிறோம்.

தேங்காய் எண்ணெய் சோப்பு மட்டும் இதில் பிடிவாதக்காரி. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதிலிருந்து வரும் சோப்பு உப்புத் தண்ணீரிலும் ஓரளவு கரையும், நுரைக்கும். கடல் தண்ணீரில் குளிக்க வேண்டியிருந்த கப்பல்காரர்களுக்குத் தேங்காய் எண்ணெய் சோப்பைக் கொடுத்தது இதனால்தான். கடலை எண்ணெயிலோ ஆலிவ் எண்ணெயிலோ செய்த சோப்புக்கு இந்தத் தெம்பு இல்லை.

ஆகவே மொத்த எண்ணெயில் நூற்றுக்கு 80 பங்காவது தேங்காய் எண்ணெய் இருக்கட்டும். நூற்றுக்கு நூறும் போடலாம், தப்பில்லை.

மீதி 20 பங்கு எதைப் போடுவது?

விளக்கெண்ணெய் 5 முதல் 10 பங்கு. வரும் நுரையைக் கலையாமல் கொஞ்சம் நேரம் பிடித்து வைப்பது அதுதான். 10-க்கு மேல் போனால் பிசுபிசுப்பு வரும்.

அப்புறம் நல்லெண்ணெய் 10 பங்கு போடுவேன். நுரைக்கு அது ஒன்றும் செய்யாது. தோலுக்கு ஒரு மிருது வரும் என்பது என் கையின் அனுபவம். கடலை எண்ணெயும் அதே வேலையைச் செய்யும். வேப்பெண்ணெய் 5 பங்குக்கு மேல் போட்டால் வீட்டில் இருப்பவர்கள் உங்களை வெளியே அனுப்புவார்கள். சூரியகாந்தி, தவிட்டெண்ணெய் இரண்டையும் நான் இதில் சேர்ப்பதில்லை. உப்பு சோப்பில் எண்ணெயை மிச்சம் விட்டுத்தான் செய்வோம் (காரணம் கீழே வருகிறது). மிச்சம் நிற்கும் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் ரகமாக இருந்தால் ஆறு மாதத்தில் ஆரஞ்சுப் புள்ளி விழுந்துவிடும். தேங்காய் எண்ணெய்க்கு அந்தப் பயம் குறைவு.

ரேஷன் பாமாயிலைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்ற ஆசைதான். சாதாரண சோப்பில் பாமாயில் போடுவது கட்டி இறுகுவதற்காக. உப்பு சோப்பு ஏற்கெனவே கல்லு. அதில் போய்ப் பாமாயில் எதற்கு? நுரையைத்தான் தின்னும். அது சமையலுக்குக் கொடுத்தது, வடை சுடுங்கள்.

செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா? காங்கேயத்து எண்ணெய்தான் வேண்டுமா?

எந்த ஊர் எண்ணெயாக இருந்தாலும் சமையலுக்கு விற்கும் சுத்தமான தேங்காய் எண்ணெய் போதும். செக்கெண்ணெயின் வாசனை காஸ்டிக் சோடாவில் பெரும்பாலும் அடங்கிவிடும், விலை மட்டும் நிற்கும்.

போடக் கூடாத இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, தலைக்குத் தடவ வாசனை சேர்த்து விற்கும் எண்ணெய். சிலவற்றில் பாரஃபின் கலந்திருக்கும், பாரஃபின் சோப்பாக மாறவே மாறாது. இரண்டு, பூஜைக் கடையில் கிடைக்கும் தீப எண்ணெய். ‘விளக்கெண்ணெய்’ கேட்டால் சில கடைகளில் ‘விளக்கேற்றும் எண்ணெய்’ பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். நான் ஒருமுறை பார்க்காமல் வாங்கி வந்து, மூன்று நாள் கழித்தும் கூழாகவே இருந்த சோப்பைத் தூக்கிப் போட்டேன். ஆமணக்கெண்ணெய் என்று அட்டையில் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

சரி, உப்பு எவ்வளவு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உப்பு 50 சதவீதம் என்றால் எண்ணெயின் எடையில் பாதி. மொத்தக் கலவையில் பாதி இல்லை. 500 கிராம் எண்ணெய்க்கு 250 கிராம் உப்பு.

பொதுவாக 25 முதல் 100 சதவீதம் வரை போடுகிறார்கள். 25-இல் நுரை தாராளமாக வரும், கட்டி சாதாரண சோப்பைவிடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். 100-இல் கூழாங்கல் மாதிரி இருக்கும், நுரை கஞ்சத்தனமாக வரும், வெட்டப் போனால் உதிரும்.

இங்கே மலையில் நான் 50-ஐத் தாண்டுவதில்லை. மழைக்காலத்தில் செய்தால் 30 முதல் 40. காரணம் நுரை மட்டும் இல்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அதை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். சமையலறை உப்பு ஜாடி ஐப்பசியில் நீர் விட்டுக்கொள்கிறதே, அதேதான். கொடைக்கானலில் மூடுபனி இறங்கிய நாளில் 75 எல்லாம் சாதாரணம். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ 100 சதவீதம் போட்டு அருமையாக வந்தது என்று ஒருவர் சொன்னால் பொய்யில்லை. அந்தக் கட்டியை இங்கே கொண்டுவந்து வைத்தால் அலமாரியில் குளம் கட்டும்.

முதல் முறை செய்பவர்கள் 30-இல் ஆரம்பியுங்கள். பிடித்திருந்தால் ஏற்றிக்கொள்ளலாம்.

கல்லுப்பு போடலாமா? இந்துப்பு? அயோடின் உப்பு?

கல்லுப்பை அப்படியே போடாதீர்கள். குளிக்கும்போது சோப்பு தேயத் தேயக் கல் துருத்திக்கொண்டு தோலைக் கீறும். மிக்சியில் பொடித்து, ரவை சல்லடையில் சலித்துப் போடலாம். ஆனாலும் உப்பளத்திலிருந்து நேராக வரும் கல்லுப்பில் மக்னீசியம் உப்புகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை சாதாரண உப்பைவிடப் பேராசையாக ஈரம் இழுப்பவை. மலைக்கு அது தோதுப்படாது.

தூளுப்புதான் என் தேர்வு. அயோடின் இருப்பதால் எதுவும் ஆகாது. கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம்தான் அது.

இந்துப்பு போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும் என்று நினைக்கிறார்கள். கலந்தபின் அழுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். மாவாக அரைத்துப் போட்டால் குற்றமில்லை, காசுதான் தண்டம். கறுப்பு உப்பு வேண்டாம், அழுகின முட்டை வாடை. எப்சம் உப்பு வேண்டவே வேண்டாம். அது மக்னீசியம் சல்ஃபேட். மக்னீசியம் பட்டால் சோப்பு திரிந்து பிசுக்காகிவிடும். உப்புத் தண்ணீர் போர்வெல் வீட்டு வாளியின் ஓரத்தில் ஒட்டுமே ஒரு வெள்ளைப் பிசுக்கு, அந்தச் சாதி.

கிராம் கணக்கில் ஒரு அளவு சொல்லுங்கள் அக்கா.

என் வழக்கமான அளவு:

தேங்காய் எண்ணெய் 400 கிராம்
விளக்கெண்ணெய் 50 கிராம்
நல்லெண்ணெய் 50 கிராம்
காஸ்டிக் சோடா 69 கிராம்
தண்ணீர் 138 கிராம்
தூளுப்பு 150 முதல் 250 கிராம்

250 கிராம் உப்பு போட்டால் சுமார் 950 கிராம் கலவை, 10 கட்டி வரும்.

69 எப்படி வந்தது? ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். விளக்கெண்ணெய்க்கு 0.128, நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய 0.134. பெருக்கிக் கூட்டினால் 86 கிராம் சொச்சம். அதில் 20 சதவீதத்தைக் குறைத்துவிட்டேன். அதாவது ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் சோப்பாகாமல் எண்ணெயாகவே உள்ளே நிற்கும்.

சாதாரண சோப்புக்கு 5 சதவீதம் விட்டால் போதும். இங்கே இவ்வளவு ஏன் என்றால், தேங்காய் எண்ணெய் சோப்பு அழுக்கோடு சேர்த்துத் தோலின் எண்ணெயையும் துடைத்து எடுத்துவிடும். மலைக் குளிரில் ஏற்கெனவே கால் வெடித்துக் கிடக்கும் நமக்கு அது தாங்காது. மற்ற சோப்பில் 20 விட்டால் கொழகொழவென்று ஆகும். இதில் உப்பு அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

முழுக்கத் தேங்காய் எண்ணெய் என்றால் 500 கிராமுக்கு 73 கிராம் காஸ்டிக் சோடா, 146 கிராம் தண்ணீர்.

எண்ணெயை லிட்டரில் அளக்காதீர்கள். எல்லாமே எடைதான், ஒரு கிராம் துல்லியம் காட்டும் தராசு வேண்டும். தம்ளர் கணக்கு சாம்பாருக்கு.

காஸ்டிக் சோடா பயமாக இருக்கிறதே?

பயம் இருக்கட்டும், நல்லதுதான். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளும் பூனையும் அந்த அறையில் இருக்கக் கூடாது. தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, ஆவியில் முகத்தைக் காட்டாமல் கலக்குங்கள். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், வினிகர் ஊற்றும் வைத்தியம் வேண்டாம். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக். அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். நம் வீட்டுப் பழைய குண்டான்கள் பலவும் அலுமினியம் என்பதால் சொல்கிறேன்.

மலைக்கென்று ஒன்று: டப்பாவைத் திறந்து வைத்தால் காஸ்டிக் சோடா ஈரக்காற்றை இழுத்துக் கசிந்துவிடும், காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வலுவும் இழக்கும். அப்புறம் 69 கிராம் எடை போட்டாலும் உள்ளே 60-க்கு உள்ள வேகம்கூட இருக்காது. சட்டென்று அளந்து மூடுங்கள். கட்டி கட்டியாக, ஈரமாக இருக்கும் சோடாவைக் கடைக்காரர் தந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கலக்கிய ஐந்து நிமிடத்திலேயே கெட்டியாகிவிட்டது. ஆனால் மறுநாள் எண்ணெய் தனியாக மிதக்கிறது. ஏன்?

அது பொய்ப் பதம். மலையில் செய்பவர்களில் பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள்.

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கொடைக்கானலில் மே மாதப் பகலிலேயே பல நாள் 20-ஐத்தான் தொடும். நம் வீட்டில் தேங்காய் எண்ணெயை யாரும் ஊற்றுவதில்லை, கரண்டியால் தோண்டத்தான் செய்கிறோம். ஆகவே கலவை ஆறினால் எண்ணெய் மறுபடி உறைந்து, சோப்பு கூடிவிட்ட மாதிரியே கெட்டியாகும். உண்மையில் ஒன்றும் கூடியிருக்காது. உள்ளே காஸ்டிக் கரைசல் தனியாகத் தேங்கி நிற்கும், அதைக் கையால் தொடுவது ஆபத்து. அந்தக் கட்டியை உபயோகிக்க வேண்டாம்.

எண்ணெயை 45 டிகிரிக்குச் சூடாக்குங்கள். காஸ்டிக் கரைசல் 40-க்கு இறங்கியதும் ஊற்றுங்கள். இங்கே அது சீக்கிரம் இறங்கும், கரைத்து வைத்துவிட்டுக் காய் நறுக்கப் போகாதீர்கள். ஹேண்ட் பிளெண்டரால் விட்டு விட்டு அடித்து, நீர்த்த தோசை மாவுப் பதம் வந்ததும் பிளெண்டரை எடுத்துவிட்டுக் கரண்டியால் உப்பைக் கலக்குங்கள்.

இதில் நானே தாமதமாகக் கண்டுகொண்ட ஒன்று உண்டு. உப்பும் சில்லென்று இருக்கும்! 10, 12 டிகிரியில் கிடந்த கால் கிலோ உப்பைக் கொட்டினால் கலவை சில டிகிரி இறங்கும், ஓரத்தில் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். இப்போதெல்லாம் உப்பை வாணலியில் கை பொறுக்கும் சூட்டுக்குப் புரட்டிவிட்டுத்தான் போடுகிறேன். அதற்குப் பிறகு பிரச்சினை வந்ததில்லை.

எப்போது வெட்டுவது? கத்தி வைத்தால் உதிர்கிறது.

மைசூர்பாகு கிளறியிருக்கிறீர்களா? அதே கணக்கு. சூடு இருக்கும்போதே கோடு போட்டுவிட வேண்டும், ஆறின பிறகு கத்தி வைத்தால் பொடிதான் மிஞ்சும்.

கீழே சமவெளியில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வெட்டுகிறார்கள். இங்கே அச்சைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் ஒன்றையும் வைத்துக் கம்பளியால் மூடினால் மூன்று மணி நேரம் ஆகலாம். ஒரு மணி நேரம் கழித்து அரை மணிக்கு ஒருமுறை ஓரத்தை அழுத்திப் பாருங்கள். விரல் பதியாமல், ஆனால் கதகதப்பாக இருந்தால் அதுதான் நேரம். கையுறை மறக்க வேண்டாம், இன்னும் காரம் இருக்கும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் தனித்தனிக் குழி உள்ள சிலிகான் அச்சு வாங்கிவிடுங்கள். நான் அதற்கு மாறிவிட்டேன். எவர்சில்வர் இட்லித் தட்டிலும் ஒருமுறை ஊற்றிப் பார்த்தேன். இட்லி மாதிரியே அழகாக வந்தது, தட்டை விட்டுத்தான் வரவில்லை.

சோப்பு வியர்க்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. உப்பு ஈரம் இழுக்கிறது, அவ்வளவுதான். துணியால் துடைத்துவிட்டு, மூடி போட்ட டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரமான நாளில் திறந்த அலமாரியில் பரப்பி வைத்தால் காயாது, நனையும்.

நல்ல வழி, காலத்தைப் பார்த்துச் செய்வது. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். தை பிறந்ததும் பனி கடித்தாலும் பகல் காற்று காய்ந்திருக்கும். தை, மாசி, பங்குனியில் ஒரு வருடத்துக்கானதைச் செய்து காயவைத்துவிடுங்கள். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடியில்தான் பெருமழை. அவர்களும் இதே மூன்று மாதத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

சீக்கிரம் காயட்டும் என்று மூடிய அறையில் கரி அடுப்பு வைக்காதீர்கள். சோப்பு காயும், ஆனால் அதிலிருந்து கிளம்பும் நச்சு வாயுவில் உயிர் போகும்.

எத்தனை நாள் காயவேண்டும்?

ஆறு வாரம். கட்டி முதல் நாளே கல்லாகிவிடுவதால் அவசரம் வரும், பொறுங்கள். மூன்று மாதம் ஆன கட்டியின் நுரையைப் பார்த்தால் ஆறு வாரத்துக் கட்டியை எடுக்க மனசு வராது.

யூகலிப்டஸ் தைலம் சேர்க்கலாமா?

தாராளமாக. 500 கிராம் எண்ணெய்க்கு 10 கிராம் போதும், 15-க்கு மேல் வேண்டாம். உப்பு போடுவதற்குச் சற்று முன்பு ஊற்றுங்கள். சுற்றுலாக் கடைகளில் விற்பது எல்லாமே கலப்படமில்லாத தைலம் என்று நம்பிவிட வேண்டாம். ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு மறுநாள் பாருங்கள். எண்ணெய்க் கறை நின்றால் வேறு ஏதோ கலந்திருக்கிறது. தைலம் தானாகப் பறந்துவிடும் பொருள். ஜெரேனியம் எண்ணெய் இன்னும் அழகான வாசனை, விலைதான் கையைக் கடிக்கும்.

தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் கொட்டிக் கிடக்கிறது. அதை அரைத்துப் போடலாமா?

தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் இதைக் கேட்பார்கள். ஒரு மேசைக்கரண்டி விழுதுக்கு மேல் வேண்டாம், அதற்கு ஈடாகத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். பச்சை நிறம் நிற்காது, பழுப்பாகும். பழத்தைச் சாப்பிட்டுவிடுங்கள் என்பேன்.

தோல் வியாதிக்கு நல்லதாமே? உடம்பின் நச்சை இழுக்குமாமே?

எந்த நச்சையும் இழுக்காது. அழுக்கை எடுக்கும், கழுவினால் போய்விடும். வெட்டுக்காயம், சிரங்கு, வெடித்த கால் இருந்தால் எரியும். சின்னக் குழந்தைகளுக்கும், கரப்பான் உள்ளவர்களுக்கும் நான் கொடுப்பதில்லை. பனிக்காலத்தில் எனக்கே வாரத்தில் மூன்று நாள்தான்.

விற்கலாமா?

உறவுக்காரர்களுக்குக் கொடுப்பது வேறு. கடை போட்டு விற்க, 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின் கீழ் தயாரிப்பு உரிமம் வேண்டும். கொடுக்கும்போது காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள், பிளாஸ்டிக் உறையில் வியர்வை வெளியே போக வழியில்லாமல் கட்டி நசநசத்துவிடும்.

குளித்த தண்ணீர் சௌசௌ பந்தலுக்குப் போகிறது. உப்பு செடியைக் கெடுக்காதா?

50 சதவீத அளவில் செய்த ஒரு கட்டியில் சுமார் 25 கிராம் உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு மாதம் வருகிறது என்று வைத்தால் மாதம் முழுக்கக் குளித்த தண்ணீரில் அந்த 25 கிராம்தான் கரைந்திருக்கும். மழையில் அடித்துப் போய்விடும். ஆனால் நாலைந்து பேர் குளிக்கும் வீட்டில் ஒரே செடியின் காலடியில் வருடம் முழுக்க விடாதீர்கள், வாய்க்காலை மாற்றி மாற்றி விடுங்கள். சோப்பு செய்த பாத்திரம் கழுவிய தண்ணீர் மட்டும் பந்தல் பக்கமே போகக் கூடாது. அதில் உப்போடு காஸ்டிக் சோடாவும் இருக்கும். என் வீட்டில் அது ஒரு பீன்ஸ் பாத்தியைக் காலி செய்தது.